ஏழு துளை ஊசி

சீன மரபு நாட்காட்டியின் ஏழாம் மாதத்து ஏழாம் நாளில் வரும் சீஷித் திருநாளைச் ‘சீனர்களின் காதலர் தினம்’ என்று ஒரே வரியில் அறிமுகப்படுத்திவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2025இல் அது ஆகஸ்ட் 29 அன்று வந்தது. 2026இல் ஆகஸ்ட் 19 அன்று வருகிறது. சந்திரனைக் கொண்டு கணக்கிடப்படும் நாள் என்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். அன்றைக்குச் சீன நகரங்களில் ரோஜாப்பூ விலை ஏறும், உணவகங்களில் இடம் கிடைக்காது, திருமணப் பதிவு அலுவலகங்களில் மணமக்கள் வரிசையில் நிற்பார்கள். இவை எல்லாம் உண்மையே என்றாலும், அந்த ஒரு வரி அறிமுகத்தில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. திருநாளின் கதையில் காதல் இருக்கிறது. ஆனால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த இரவில் முற்றத்தில் கூடி விழித்திருந்தவர்கள் பெரும்பாலும் ஊசியும் நூலும் கையில் பிடித்த இளம்பெண்கள். அவர்கள் முதலில் வேண்டிக்கொண்டது கைத்திறனை. நல்ல கணவன் என்ற வேண்டுதல் அதன் பின்னால் வந்தது.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூலாங் என்னும் மாடு மேய்ப்பவன் பெற்றோரை இழந்தவன். அண்ணனும் அண்ணியும் ஒரு கிழட்டு எருதை மட்டும் கொடுத்து அவனை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். பேசும் ஆற்றல் பெற்ற அந்த எருது, விண்ணுலகப் பெண்கள் நீராட இறங்கும் இடத்தை அவனுக்குச் சொல்லி, அவர்களுள் ஒருத்தியின் ஆடையை எடுத்து மறைத்துவைக்கச் சொன்னது. அவன் எடுத்தது ஜிநூவின் ஆடை. வானத்து மேகங்களை எல்லாம் தறியில் நெய்பவள் அவள்தான். இருவரும் மணந்துகொண்டு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு குழந்தைகளோடு வாழ்ந்திருந்தபோது, மேற்றிசை அரசியன்னை வந்து ஜிநூவை மீண்டும் விண்ணுக்குக் கொண்டுபோனாள். இறந்துபோன எருதின் தோலைப் போர்த்துக்கொண்டு, காவடித் தண்டின் இரு முனைக் கூடைகளிலும் குழந்தைகளை உட்காரவைத்து, நியூலாங் அவர்களைத் துரத்திப் பறந்தான். கைக்கெட்டும் தூரத்தில் அவன் வந்தபோது அரசியன்னை தன் கொண்டை ஊசியை உருவி வானத்தில் ஒரு கோடு கிழித்தாள். அந்தக் கோடு பெருகி ஆறாயிற்று. நாம் ஆகாயகங்கை என்று சொல்வதைச் சீனர்கள் வெள்ளியாறு என்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஏழாம் மாதத்து ஏழாம் இரவில், மேக்பை என்னும் கறுப்பு வெள்ளைப் பறவைகள் கூட்டமாகப் பறந்து போய்ச் சிறகோடு சிறகு கோத்துப் பாலம் அமைக்க, அதன்மேல் நடந்து இருவரும் சந்திக்கிறார்கள்.

காக்கை இனத்தைச் சேர்ந்த அந்தப் பறவைகளின் தலையில் இந்நாளுக்குப் பிறகு இறகு குறைந்து வழுக்கை விழுந்திருக்கும் என்றும், இருவரும் மிதித்து நடந்ததுதான் காரணம் என்றும் ஊர்ப்புறத்தில் சொல்வார்கள். கோடை கழியும் அந்தப் பருவம் அவை இறகு உதிர்க்கும் காலம் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள்தாம் இந்த விளக்கத்தைக் கட்டியிருக்க வேண்டும். அன்று தூறல் விழுந்தால் அது ஜிநூவின் கண்ணீர். திராட்சைப் பந்தலின் கீழ் ஓசைப்படாமல் நின்றால் இருவரும் பேசிக்கொள்வது காதில் விழும் என்பதும் ஒரு நம்பிக்கை.

ஆடையைத் திருடி மனைவியைப் பெற்ற கதையைக் காதல் கதை என்று எப்படிக் கொண்டாடுவது என்ற கேள்வியைச் சீன இளம்பெண்கள் பலர் இணையத்தில் வெளிப்படையாகவே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கதைக்கு இது ஒன்றே வடிவம் அன்று. இன்னொரு பழைய வடிவத்தில் திருட்டும் இல்லை, எருதும் இல்லை: ஓயாமல் நெய்துகொண்டிருந்த மகளின் தனிமையைக் கண்டு இரங்கிய விண்ணரசனே ஆற்றின் மறுகரையில் இருந்த மாட்டுக்காரனுக்கு அவளை மணமுடித்துக் கொடுக்கிறான், மணந்த பின் அவள் தறியை மறந்துவிடவே, சினந்து இருவரையும் பிரிக்கிறான். அதற்கும் முன்னால் போனால், சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பில் நெசவு விண்மீனும் எருது விண்மீனும் உறவு ஏதுமின்றித் தனித்தனியாக நிற்கின்றன. நெசவு விண்மீனால் துணி நெய்ய முடியாது, எருது விண்மீனால் வண்டி இழுக்க முடியாது என்ற நையாண்டி மட்டுமே அங்கே உண்டு. ஹான் வம்சக் காலத்துப் பெயரறியாப் புலவர் ஒருவரின் பாட்டில்தான், தெளிந்த சிறு நீர்ப்பரப்பின் இரு கரைகளில் நின்றபடி ஒரு சொல்லும் பேச முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் இருவராக அவர்கள் மாறுகிறார்கள். அந்தப் பாட்டில் பாலமும் இல்லை, சந்திப்பும் இல்லை.

பெண்கள் இந்த இரவைத் தமதாக்கிக்கொண்டதன் காரணம் ஜிநூவின் தொழில். விண்ணுலகின் முதல் நெசவாளியிடம் வேறு எதைக் கேட்பார்கள்? வீட்டுத் துணியைப் பெண்களே நெய்து தைத்த காலத்தில் ஒரு பெண்ணின் மதிப்பு அவள் விரல்களைப் பொறுத்திருந்தது. ஆறாம் நூற்றாண்டில் யாங்சி ஆற்றங்கரைப் பகுதியின் பண்டிகைகளைப் பதிவுசெய்த சோங் லின், அன்று மாலை பெண்கள் வண்ண நூலை ஏழு துளை ஊசியில் கோப்பார்கள் என்றும், முற்றத்தில் பழங்களைப் படைத்துத் திறமை வேண்டுவார்கள் என்றும், படைத்த பழத்தின்மேல் சிலந்தி வலை பின்னியிருந்தால் வேண்டுதல் பலித்ததாகக் கொள்வார்கள் என்றும் எழுதினார். தாங் வம்சக் காலத்தில் சிலந்தியைச் சிறு பெட்டிக்குள் அடைத்துவைத்து, விடிந்ததும் திறந்து, வலை நெருக்கமாக இருந்தால் மிகுந்த திறமை, ஐதாக இருந்தால் குறைந்த திறமை என்று கணித்தார்கள். ஏழாம் பிறை அரைநிலவு. நள்ளிரவு நெருங்கும்போது மறைந்துவிடும். அந்தக் குறைந்த ஒளியில், காற்றில் ஆடும் நூலை ஒரு துளையில் நுழைப்பதே கடினம். ஏழில் நுழைத்தவள் கெட்டிக்காரி என்பதில் ஐயமே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மிங் வம்சக் காலத்துப் பெய்ஜிங்கின் நண்பகல் சோதனை. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் நீரின்மேல் தூசியும் காற்றும் சேர்ந்து மெல்லிய ஏடு படியும். பெண்கள் ஒவ்வொருவராக வந்து தையல் ஊசியைப் படுக்கைவாட்டில் மெதுவாக விட, அது மூழ்காமல் மிதக்கும். பிறகு எல்லோரும் குனிந்து பார்ப்பது ஊசியை அன்று, கிண்ணத்தின் அடியில் விழும் நிழலை. நிழல் பூவாகவோ மேகமாகவோ பறவையாகவோ கத்தரிக்கோலாகவோ தெரிந்தால் அவளுக்குத் திறமை அருளப்பட்டது. உலக்கைபோல் தடித்தோ மெழுகுவர்த்திபோல் நீண்டோ விழுந்தால் அவள் கை மந்தம். நீரின் பரப்பு இழுவிசை ஊசியைத் தாங்கும்போது அதைச் சுற்றி நீர்ப்பரப்பு குழிந்து ஒளியை வளைக்கிறது. ஒல்லியான ஊசிக்கு இத்தனை விதமான நிழல்கள் கிடைப்பது அதனால்தான். உலக்கை நிழல் விழுந்த பெண்கள் அழுததும் உண்டு என்று அக்காலக் குறிப்பு கூறுகிறது.

சோங் வம்சத் தலைநகரமான கைஃபெங்கில் இத்திருநாள் பெரும் சந்தையாகவே நடந்தது. அலங்கரித்த களிமண் பொம்மைகள் அங்கே குவிந்தன. அவற்றின் பெயரை ஆய்வாளர்கள் பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன சமஸ்கிருதப் பெயராகக் கருதுகிறார்கள். பாசிப்பயறையும் கோதுமையையும் கிண்ணங்களில் ஊறவைத்து, முளை சில அங்குலம் எழுந்ததும் சிவப்பு, நீல நூலால் கட்டிப் படைத்தார்கள். நம் முளைப்பாரியின் தங்கை என்று சொல்லத் தோன்றும். ஆகவே இன்றைய வணிகத்தைக் கண்டு, பண்டிகை இப்போதுதான் கெட்டுப்போயிற்று என்று முகம் சுளிப்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நன்றாகத்தான் விற்றிருக்கிறார்கள்.

பழைய முறை இன்றும் ஏறக்குறைய முழுமையாக இருக்கும் இடம் வடமேற்குச் சீனாவின் கான்சு மாகாணத்தைச் சேர்ந்த ஷிஹே மாவட்டம். அங்கே இது ஓரிரவுத் திருநாள் அன்று. ஆறாம் மாதக் கடைசி இரவில் தொடங்கி ஏழாம் மாதத்து ஏழாம் இரவு வரை நீளும். பெண்கள் ஐந்தாம் மாதப் படகுத் திருநாளன்று மணிக்கட்டில் கட்டிக்கொண்ட வண்ணக் கயிறுகளை அவிழ்த்து, ஒன்றோடொன்று முடிந்து நீளமாக்கி, ஆற்றின் குறுக்கே பிடித்துத் தேவி இறங்கி வருவதற்குப் பாலம் போடுகிறார்கள். அந்தத் தேவியின் உருவம் காகிதத்தால் ஆனது. ஒரு வீட்டில் அதை எழுந்தருளச் செய்து, வணங்கி, கைகோத்து ஆடிப்பாடி, பக்கத்துத் தெருக் குழுக்களை வரவேற்று, தாங்களும் அங்கே போய்வந்து, கடைசி இரவில் முளைவிட்ட பயற்றின் கிள்ளிய தளிரை நீரில் மிதக்கவிட்டு அதன் நிழலில் குறி பார்த்து, உருவத்தை எரித்து வழியனுப்புகிறார்கள். 1936இல் அவ்வூர் ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களைக் கொண்டு இந்தப் பாடல்களைத் திரட்டினார். தேவியைப் புகழும் பாடல்களுக்கு நடுவே, தரகரின் பேச்சை நம்பி மகளைக் கொடுத்த பெற்றோரையும் மாமியார் வீட்டுக் கொடுமையையும் சாடும் பாடல்களும் அதில் உண்டு. ஆண்டு முழுவதும் வாய் திறக்க இடமில்லாதவர்கள் தேவியின் முன்னால் உரக்கப் பேசிக்கொள்ள ஒரு வாரம் கிடைத்தது. சீன அரசு 2006இல் சீஷியைத் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஷிஹேயின் வழக்கம் 2008இல் சேர்ந்தது.

தெற்கே குவாங்சோ நகரத்தில் ஜிநூவை ஏழாவது அக்கா என்று உறவுமுறை சொல்லி வணங்குகிறார்கள். அரிசி, எள், பழவிதைகளைக் கொண்டு விரல் நக அளவில் சிறு கலைப்பொருள்கள் செய்து மேசை நிறையப் பரப்பிவைப்பது அங்கே வழக்கம். தைவானின் தைனான் நகரத்தில் அவள் குழந்தைகளின் காவல் தெய்வம். பிள்ளைகள் பதினாறு வயதை எட்டும்போது இந்நாளில் கோயிலுக்குப் போய்ப் படையல் மேசையின் கீழே தவழ்ந்து வெளிவந்தால் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள் என்று பொருள். இதற்கு ஒரு துறைமுகக் காரணம் சொல்கிறார்கள். பதினாறு நிரம்பாத சுமைகூலிகளுக்குப் பாதிக் கூலியும் நிரம்பியவர்களுக்கு முழுக் கூலியும் கொடுத்தார்களாம். அந்த முழுக் கூலியைக் கொண்டாடியதே சடங்காயிற்று. எவ்வளவு நேர்மையான விழா!

காதலை நான் முற்றிலும் தள்ளிவிடவில்லை. தாங் பேரரசர் ஷுவான்சோங்கும் அவருடைய காதலி யாங் குயிஃபெயும் இந்த இரவில்தான் பிரியாமல் இருப்போம் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டதாகப் புலவர் பை ஜுயி 806இல் பாடினார். 756இல், கலகத்துக்கு அஞ்சி ஓடிய வழியில், படைவீரர்கள் வற்புறுத்தியதால் அதே பேரரசர் அவளைக் கொல்ல இசைந்திருந்தார். சோங் காலப் புலவர் சின் குவான் வேறொரு பக்கம் போனார்: அன்பு நெடுங்காலம் நிற்குமானால் காலையும் மாலையும் கூடவே இருந்தாக வேண்டுமா என்று கேட்டார். அழகான கேள்விதான், ஆனால் பிரிந்திருப்பவர்களின் வாயை அடைக்க நன்றாகப் பயன்படும் கேள்வி.

ஏனென்றால் அந்தப் பிரிவு கதையோடு நின்றுவிடவில்லை. 1950களுக்குப் பிறகு அரசே வேலையை ஒதுக்கிய சீனாவில், கணவன் ஓர் ஊரிலும் மனைவி வேறோர் ஊரிலுமாகப் பணியமர்த்தப்பட்டால், வசிப்பிடப் பதிவை மாற்ற முடியாமல் ஆண்டுக்கணக்கில் பிரிந்தே வாழ வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட தம்பதியரை மக்கள் நியூலாங், ஜிநூ என்றே அழைத்தார்கள். குடும்பத்தைப் பார்த்துவர அவர்களுக்குத் தனி விடுப்பு இருந்தது. 1981ஆம் ஆண்டு விதிப்படி, துணையைக் காண ஆண்டுக்கு ஒருமுறை, இருவரில் ஒருவருக்கு 30 நாள். மேற்றிசை அரசியன்னை ஓரிரவுதான் கொடுத்தாள் என்பதை நினைத்தால் அரசு தாராளமாகவே நடந்துகொண்டது என்று சொல்லலாம்! சீஷியை மலர்க்கொத்து நாளாக மட்டும் காட்டும் விளம்பரங்களில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான்: நெய்யும் வேலையும் காணாமல் போகிறது, வேலை பிரித்த வாழ்க்கையும் காணாமல் போகிறது.

வானத்துக்கு வந்தால், ஜிநூ என்பது வேகா விண்மீன். நியூலாங் என்பது ஆல்டேர். நம் சோதிட மரபில் வேகா, இருபத்தேழில் சேராத அபிஜித். ஆல்டேரும் அதன் இரு பக்கத்து மங்கிய விண்மீன்களும் சேர்ந்தது திருவோணம். நம்மவர்கள் திருமாலின் மூன்றடியாகக் கண்ட அதே மூன்று விண்மீன்களைச் சீனர்கள் காவடித் தண்டின் நடுவில் தந்தையும் இரு முனைகளில் குழந்தைகளுமாகக் கண்டார்கள். வேகா 25 ஒளியாண்டுத் தொலைவிலும் ஆல்டேர் ஏறத்தாழ 17 ஒளியாண்டுத் தொலைவிலும் இருக்கின்றன; தமக்குள் அவை சுமார் 15 ஒளியாண்டு விலகியுள்ளன. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு சொல் அனுப்பி மறுமொழி பெற முப்பது ஆண்டுகள் ஆகும்.

அந்தப் பேச்சுத் தடையை நினைத்துத்தானோ என்னவோ, 2018 மே மாதம் ஏவிய செய்தித்தொடர்புச் செயற்கைக்கோளுக்குச் சீனர்கள் மேக்பைப் பாலம் என்ற பொருளில் சுவேச்சியாவ் என்று பெயரிட்டார்கள். நிலவின் மறுபக்கத்தில் இறங்கும் கலத்தால் பூமியோடு நேராகப் பேச முடியாது, நடுவில் நிலவே மறைக்கும். அதற்காக நிலவுக்கு அப்பால் சுற்றிக்கொண்டு, 2019 ஜனவரி 3 அன்று அங்கே இறங்கிய சாங்அ-4 கலத்தின் செய்திகளை வாங்கி அந்தச் செயற்கைக்கோள் பூமிக்கு அனுப்பியது. இரண்டாவது பாலம் 2024 மார்ச்சில் சென்றது.

வரும் ஆகஸ்ட் 19 அன்று மேகம் விலகியிருந்தால், தமிழ்நாட்டில் இரவு ஒன்பது மணி அளவில் மொட்டை மாடியிலிருந்தே இருவரையும் பார்க்கலாம். வடக்கு நோக்கி நின்று நிமிர்ந்தால் உயரத்தில் நீலவெண்மையாக ஒளிர்வது வேகா. தலைக்கு மேலே சற்றே கிழக்கில், இரு சிறிய விண்மீன்களை இருபுறமும் வைத்திருப்பது திருவோணம். இடையில் ஓடும் ஆற்றைக் காண நகர வெளிச்சம் விடாது. ஊர்ப்புறத்தில் இருப்பவர்கள் நிலவு மறையும்வரை, ஏறக்குறைய நள்ளிரவு வரை, காத்திருந்தால் அதுவும் தெரியும்.