அச்சைக் கீறு, பிறகு சில்லைக் கீறு

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். "அண்ணை, ஹொஸ்ரல் சாப்பாடு பற்றியும் பிக் மாச் பற்றியும் ஏற்கெனவே ஆறு கட்டுரை வந்திட்டுது. நீங்கள் வேற ஏதாவது எழுதுங்கோ" என்றார். நல்லதாய்ப் போயிற்று. நான் ஹொஸ்ரலில் இருந்ததும் இல்லை, மட்டை பிடித்ததும் இல்லை. பள்ளிக்கூடம் என்றவுடன் எனக்கு நினைவுக்கு வருவது சில்லுதான். கார்ச் சில்லு, சைக்கிள் சில்லு, மாட்டுவண்டிச் சில்லு, தேர்ச் சில்லு. அவற்றைக் கீறப் பழகிய அந்த இரண்டு வருடம்.

1991 இல் நான் ஆண்டு 10க்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெற்றோல் இல்லை. கொப்பி விலை கேட்டால் அம்மாவுக்குத் தலை சுற்றும். இந்த நிலையில் சித்திர பாடத்தை எடுத்தவர்கள் எங்கள் வகுப்பில் பதினொரு பேர். பாதிப் பேர் படிக்கப் பஞ்சிப்பட்டு எடுத்தவர்கள், நானும் அதில் ஒருவன்.

சாதாரண தரப் பரீட்சையில் ஒரு காட்சி கீறச் சொல்வார்கள். சந்தை, தேர்த் திருவிழா, பஸ் தரிப்பிடம், இப்படி ஏதாவது. எதைக் கேட்டாலும் அதற்குள் ஒரு வாகனம் வந்துவிடும். அதனால் எங்கள் எல்லோரிடமும் ஒரு தந்திரம் இருந்தது. வாகனத்தைச் சரியாகப் பக்கவாட்டில் நிறுத்துவது. அப்போது சில்லு என்றால் வெறும் வட்டம். வட்டத்துக்கு முகப்பவுடர் ரின்னின் மூடி போதும். என் பக்கத்தில் இருந்த நண்பன் இந்தக் கலையில் விண்ணன். அவனுடைய காற்சட்டைப் பைக்குள் மூன்று அளவில் மூடிகள் இருக்கும்: பஸ்ஸுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, குழந்தைகளின் வண்டிக்கு ஒன்று.

புதிதாக வந்த சித்திர மாஸ்ரர் முதல் நாளே அந்த மூடிகளை மேசையில் வாங்கி வைத்துவிட்டார். (அவருக்கு நாங்கள் வைத்த பட்டம் சில்லு மாஸ்ரர். அவருக்கும் அது தெரியும்.) பிறகு பைக்குள் இருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்தார். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் எல்லாம் ஜாம் போத்தல் விளக்குத்தான். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனைய மண்ணெண்ணெய், ஒரு திரி. இவர் கொண்டுவந்தது கழுவிய வெறும் போத்தல்.

அதைத் தன் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்து, எங்களையும் ஒவ்வொருவராக வந்து பார்க்கச் சொன்னார். வாய் வெறும் கோடாகத் தெரிந்தது. மெல்லக் கீழே இறக்க இறக்க அந்தக் கோடு திறந்து நீள்வளையமாகியது. நிலத்தில் வைத்து மேலே நின்று பார்த்தால் கிட்டத்தட்ட முழு வட்டம். "சரி, இப்ப மேசையில் வைக்கிறன். வாய் கூட விரிஞ்சிருக்கோ, அடி கூட விரிஞ்சிருக்கோ?" என்று கேட்டார். வாய்தான் என்று பதினொரு பேரும் சொன்னோம். பார்த்தால் அடிதான். கண்மட்டத்திலிருந்து தூரத்தில் இருப்பது அதுதானே. பிறகு போத்தலைப் படுக்க வைத்தார். "இப்ப இது சில்லு" என்றார்.

இன்றுவரை நான் கேட்ட ஆகச் சிறிய விரிவுரை அதுதான்.

சில்லு என்பது வட்டம் அல்ல, படுத்துக் கிடக்கும் உருளை. அதற்குத் தடிப்பு உண்டு, பின்முகம் உண்டு, நடுவே ஊடுருவிப் போகும் அச்சு உண்டு. அதனால் அவர் சில்லை முதலில் கீறவே விடமாட்டார். "அச்சைக் கீறு, பிறகு சில்லைக் கீறு" என்பார். அச்சுக்கோடு போட்டபின், நீள்வளையத்தின் குறுகிய பக்கம் அந்தக் கோட்டோடு கிடக்க வேண்டும். கணித பாடத்தில் சிற்றச்சு என்று படித்தோமே, அதுதான். நீளப் பக்கமாகிய பேரச்சு அதற்குச் செங்குத்தாக நிற்கும். இதைக் கவனிக்காமல் எல்லாச் சில்லையும் நட்டுக்குத்தாக நிறுத்தினால், கார் ஒரு பக்கம் போகச் சில்லு இன்னொரு பக்கம் கழன்று ஓடுவதுபோல இருக்கும். படத்தின் ஓரங்களுக்குப் போகும்போது இந்த விதி கொஞ்சம் பிசகும் என்பதை நான் அறிந்தது பல வருடங்களுக்குப் பிறகு. மாஸ்ரர் அதைச் சொல்லவில்லை. பதினாலு வயதுப் பெடியங்களுக்கு அது தேவையும் இல்லை.

அதே அச்சில் சற்றுத் தள்ளி இரண்டாவது நீள்வளையம். போத்தலில் பார்த்ததுபோல, தூரத்தில் இருப்பது அளவில் சிறிது, ஆனால் கொஞ்சம் கூடத் திறந்திருக்கும். இரண்டையும் தொட்டுக்கொண்டு மேலும் கீழும் இரண்டு கோடு. உருளை தயார். மறைந்திருக்கும் பின்பக்கத்தையும் முழுதாகக் கீறவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "தெரியாத பக்கத்தைக் கீறாதவனுக்குத் தெரியிற பக்கமும் பிழைக்கும்."

தாள் ஏது இவ்வளவுக்கும்? அதனால் மண்ணில் கீறினோம். வேப்பமரத்தடியில் மண்ணைக் காலால் சமப்படுத்தி, ஆளுக்கொரு ஈர்க்குடன் குந்துவோம். மணிக்கட்டால் கீறக்கூடாது, தோளிலிருந்து கை முழுவதும் சுற்றவேண்டும். தொடமுன் காற்றில் இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு நிறுத்தாமல் அதே கோட்டில் இரண்டு சுற்று. மெதுவாகக் கவனமாகக் கீறினால் முட்டை வரும், வேகமாகச் சுற்றினால்தான் வளையம் வரும். ஒரு நாளைக்கு இருபது. பக்கத்து வகுப்புக்காரர் எங்களைப் பார்த்து, "என்னடா, கோழி கிண்டின மாதிரி" என்று சிரிப்பார்கள். தாள் கிடைத்தால் அது கலண்டர்த் தாளின் பின்பக்கம்.

முட்டை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் நீள்வளையங்கள் ஒரு முனை பருத்து மறுமுனை ஒடுங்கித்தான் வரும். கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும் என்றால் கிட்டப் பக்கம் பருக்கத்தானே வேண்டும் என்று நான் வாதாடியும் பார்த்தேன். பல காலம் கழித்து இங்கே ரொறன்ரோவில் நூலகத்தில் படித்தேன், ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரும் இதே மாதிரி ஏமாந்திருக்கிறார். 1525 இல் அச்சிட்ட தன் அளவியல் நூலில், கூம்பைச் சரிவாக வெட்டினால் வரும் கோட்டை முட்டை வடிவத்தில் போட்டு, அதற்கு முட்டைக்கோடு என்றே பெயரும் வைத்திருக்கிறார். ஆனால் அது முட்டை இல்லை, இரு முனையும் ஒத்த நீள்வளையம். கிட்டப் பாதி பெரிதாவதும் உண்மைதான், அது காட்டுவது வேறோர் இடத்தில். சில்லின் உண்மையான நடு, நீள்வளையத்தின் நடுவில் விழாது. சற்றுத் தூரப் பக்கம் தள்ளி விழும். சைக்கிள் கீறும்போது இது கையைக் கடிக்கும். அப்பாவின் ராலி சைக்கிளில் முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40. நடுவைப் பிழையாக வைத்தால் எழுபத்திரண்டு கம்பியும் பிழைத்துப் போகும்.

எங்கள் பெரிய பாடப்புத்தகம் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே நின்ற ஒரு மொறிஸ் மைனர். அந்த வாடகைக் காரைக் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அது கிளம்பும்போது வரும் புகையில் முதலாவது பாடம் முழுக்க மணக்கும். ஓட்டம் இல்லாத நாட்களில் சாரதி அண்ணை எங்களுக்காகக் காரை நிழலில் விடுவார்.

அந்த 14 அங்குலச் சில்லின் முன்னால் குந்தியிருந்தபோதுதான் போத்தல் பாடம் போதாது என்று தெரிந்தது. ரயர் என்பது ரின் மாதிரி விளிம்பு வெட்டிய உருளை அல்ல, நடுவில் பிதுங்கி இருக்கும். எனவே நடுவில் பெரிய நீள்வளையம் ஒன்று, இரு பக்கமும் அதைவிடச் சிறியவை. ரயர் முடிந்து இரும்பு றிம் தொடங்கும் இடம் ஒன்று. றிம் உள்ளே குழிந்து போகிறதே, அது ஒன்று. குழிக்குள்ளிருந்து மறுபடி வெளியே புடைக்கும் பளபளத்த மூடி ஒன்று. எல்லாம் ஒரே அச்சில், ஆனால் வேறு வேறு ஆழத்தில். "ஒரே ஈர்க்கில் குத்தின வடை மாதிரி நினை" என்றார் மாஸ்ரர். வடை சாப்பிட்டுக் கனகாலமான எங்களுக்கு அந்த உவமை நன்றாகப் பதிந்தது.

ஒரு நாள் இரண்டு சில்லையும் ஒரே மாதிரிக் கீறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்லாய்த்தான் வந்திருந்தது. அவர் தாளைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார். "முன்சில்லு எங்க பார்க்குது?" என்று கேட்டார். சாரதி அண்ணை ஸ்ரியறிங்கைத் திருப்பியபடியே விட்டுப் போயிருக்கிறார். முன்சில்லின் அச்சு வேறு திசை, எனவே அதன் நீள்வளையமும் வேறு சாய்வு. நான் மூன்று மணித்தியாலம் அந்தக் காருக்கு முன்னால் இருந்தும் காணவில்லை.

மாஸ்ரருக்கு மிகப் பிடித்தது தேர்ச் சில்லு. ரயர் மாதிரிப் பிதுங்கல் இல்லை, நல்ல தடித்த மரம், நடுவில் குடம், சுற்றி இரும்புப் பட்டை. உண்மையான உருளை என்றால் அதுதான் என்பார். திருவிழாவுக்கு முன் தேர்க்கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கரியால் கீறவிட்டார். எனக்கு அதில் ஒரே ஒரு சில்லு சரிவந்தது.

பரீட்சையில் சந்தை வந்தது. நான் முன்மூலையிலிருந்து பார்க்கும் மாட்டுவண்டி ஒன்றைக் கீறினேன், அச்சு முதல் கடையாணிவரை. நேரம் போதாமல் சந்தையில் ஆட்களே இல்லாமல் போய்விட்டது. எனக்கு சி. மூடி நண்பன் எப்படியோ ஒரு மூடியை உள்ளே கொண்டுபோய், பக்கவாட்டில் ஒரு லொறியை நிறுத்தி, சுற்றிவர மரக்கறியும் சனமும் நிரப்பி டி எடுத்தான். அந்தக் காலத்தில் டி என்றால் சி யை விட மேல். இதை நான் இன்னும் மறக்கவில்லை.

யுத்தத்தால் யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாம் ஒன்றாக இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, கலண்டர்த் தாள்கள் எல்லாம் வீட்டில் விடுபட்டுப் போயின. அந்த இரவு நாவற்குழிப் பக்கம் அடி அடியாக நகர்ந்த சனத்துக்குள், எனக்கு முன்னால் இரண்டு மூட்டை கட்டிய ஒரு சைக்கிள் போனது. நேர் பின்னாலிருந்து பார்த்தால் சில்லு வளையமே இல்லை. நிமிர்ந்து நிற்கும் ஒரு பட்டி, அவ்வளவுதான். விடியும்வரை அந்தப் பட்டியைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன்.

ரொறன்ரோ வந்து சில வருடத்தில் ஒரு வரைபடக் கந்தோரில் வேலை கிடைத்தது. முதல் நாள் கையில் தந்தது பச்சை நிறப் பிளாஸ்ரிக் தகடுகள். 15 பாகையிலிருந்து 60 பாகைவரை நீள்வளையங்கள் வெட்டிய தகடுகள். மாஸ்ரர் பறித்து வைத்த மூடிகள்தான் நினைவுக்கு வந்தன. தகட்டிலும் குறுகிய பக்கத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கும், அதை அச்சோடு பொருத்தினால் சரி. பக்கத்து மேசைக்காரருக்கு அதைப் பழக்க ஒரு கிழமை எடுத்தது, எனக்குப் பழக்கவே தேவைப்படவில்லை. பிறகு கொம்பியூட்டர் வந்தது, தகடுகள் லாச்சிக்குள் போயின.

2020 இல் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது மகள் ஜன்னலால் பார்த்து, பனி தள்ளும் ட்ரக் ஒன்றைக் கீறினாள். கொண்டுவந்து, "அப்பா, சில்லு ஏன் பிஸ்கற் மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். நான் குசினிக்குள் போய் ஒரு ஜாம் போத்தலைக் கழுவினேன். அன்றிலிருந்து இருவரும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்குப் பத்துச் சில்லு. இங்கே தாளுக்குப் பஞ்சம் இல்லை, ஆனாலும் என் முதல் இரண்டு பக்கமும் முழுக்க முட்டை. தோள் மறந்துபோய் மணிக்கட்டு வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

இந்தக் கட்டுரைக்காக மூடி நண்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவனும் இங்கேதான், கொன்ரெய்னர் லொறி நாலு வைத்து ஓட்டுகிறான். மாஸ்ரரைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்தோம். ஒரு லொறிக்கு எத்தனை சில்லு என்று கேட்டேன்.

"பதினெட்டு. நாலுக்கும் எழுபத்திரண்டு" என்றான். "ஒண்டையாவது எனக்கு இண்டைக்கும் கீறத் தெரியாது மச்சான்."