மரமேறி மீன் பிடித்தவர்கள்

நம் பள்ளி மலரின் தமிழ்ப் பக்கங்களைப் படிக்கப்போகிறவர்கள் மிகச் சிலர். வகுப்புக்கு மூன்று நான்கு தமிழ்ப் பிள்ளைகள் இருந்தாலே அதிகம் என்ற சீனப்பள்ளி நம்முடையது. அந்தச் சிலருக்கும் செங்யூ எனும் சீன மரபுத்தொடர்ப் பாடம் நினைவிருக்கும். மற்றப் பாடங்களில் திட்டு தனியாக வரும். அந்த நான்கெழுத்துத் தொடர்களில் பாடமே திட்டுத்தான்.

படிக்காமலே தேர்வில் தேறலாம் என்றிருப்பவன் 'ஷோ சூ தை தூ', முயலுக்காக அடிமரத்தைக் காப்பவன். கணக்கின் படிகளைத் தாண்டி விடைக்குப் பாய்ந்தவன் 'கொங் ஜொங் லோவ் க', அந்தரத்தில் மாளிகை கட்டுகிறவன். பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதி முதலிடம் வர நினைத்தவன் 'யுவான் மூ சியூ யூ', மரத்தில் ஏறி மீன் தேடுகிறவன். வீண் ஆசையைப் பழிக்கச் சீன மொழியில் இத்தனை தொடர்கள் ஏன் என்று அப்போது யோசித்ததில்லை. நம்மைத் திட்டுவதற்காகவே யாரோ உட்கார்ந்து எழுதியவை என்றுதான் நம்பினோம்.

நம் சீன மொழி லாவ்ஷி, அதாவது ஆசிரியர், நல்ல கதைசொல்லி. பாடம் முடிந்து மணியடிக்கும் வரை கதைதான். பழைய சீனத்தின் சோங் நாட்டு உழவன் ஒருவனின் வயலில் ஓடிவந்த முயல் அடிமரத்தில் மோதிக் கழுத்து முறிந்து செத்தது. அவன் கலப்பையைப் போட்டுவிட்டு அடுத்த முயலுக்காக அங்கேயே காத்துக் கிடந்தான். நாடே சிரித்தது. கதை அங்கே நிற்கும்; லாவ்ஷியின் பார்வை பின்வரிசைக்கு நகரும். நாலு நம்பர் லாட்டரி எடுக்காத பெரியவர்கள் அரிதாக இருந்த எங்கள் வரிசை வீடுகளில், அந்த உழவனைப் பார்த்துச் சிரிக்க எனக்குச் சற்றுச் சங்கடமாக இருக்கும்.

பின்னாளில் மூல நூல்களைப் படித்தபோதுதான் கதையின் மறுபாதி கிடைத்தது. அதைச் சொன்னவர் கி.மு. 233இல் சின் நாட்டுச் சிறையில் இறந்த சிந்தனையாளர் ஹான் ஃபெய். உழவன் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. பழைய மன்னர்களின் ஆட்சிமுறையைக் கொண்டு இன்றைய மக்களை ஆள நினைப்பவர்கள் எல்லோரும் அடிமரத்தைக் காப்பவர்களே என்றார் அவர். அடி விழுந்தது அரண்மனைக்கு. உழவன் சோங் நாட்டவனாக இருப்பதற்கும் காரணம் உண்டு. முன்பு சீனத்தை ஆண்ட ஷாங் வமிசம் வீழ்ந்தபின் அதன் வழிவந்தவர்களுக்கு விடப்பட்ட நாடு அது. நாற்று சீக்கிரம் வளரட்டும் என்று பிடித்து இழுத்துக் காயவிட்டவனும் சோங் நாட்டவன்தான். தோற்றவன் வீட்டில்தான் முட்டாள்கள் பிறப்பார்கள் போலும்.

மரமும் மீனும் இன்னும் நேரடி. ச்சி நாட்டு மன்னன் ஷுவானின் முகத்துக்கு நேரே சிந்தனையாளர் மென்சியஸ் சொன்னது அது. மன்னனுக்கு நாட்டை விரிக்க வேண்டும், சின், சூ நாடுகள் வந்து வணங்க வேண்டும், நடுநாடு முழுவதும் தன் கீழ் வர வேண்டும். படையைக் கொண்டு இதை அடைய நினைப்பது மரத்தில் ஏறி மீன் தேடுவது போன்றது என்றார் மென்சியஸ். அவ்வளவு மோசமா என்று மன்னன் கேட்டான். அதைவிட மோசம், மரத்தில் மீன் கிடைக்காவிட்டால் வேறு கேடு இல்லை, உன் வழியில் போனால் பின்னால் அழிவு வரும் என்று பதில் வந்தது. இந்த இரண்டாம் பாதிதான் உயிர். பத்து வயதில் காப்பியடித்த பையனை மென்சியஸ் மனத்தில் வைத்திருக்க வாய்ப்பில்லை.

அந்தரத்து மாளிகைக்கு வேர் இந்தியாவில். மூன்றடுக்கு வீட்டைக் கண்டு ஆசைப்பட்ட பணக்கார மூடன் தச்சனை அழைத்து, கீழிரண்டு அடுக்கும் எனக்கு வேண்டாம், மேலடுக்கை மட்டும் கட்டு என்கிறான். நூறு உவமைகளின் சூத்திரம் என்ற பௌத்த நூலில் உள்ள கதை இது. இந்தியாவிலிருந்து போன குணவிருத்தி என்ற துறவி 492இல் அந்நூலைச் சீனத்தில் பெயர்த்தார். நம் வீட்டில் முயற்கொம்பு என்று சொல்லி வளர்ந்த எனக்கு, ஆமை மயிரும் முயல் கொம்பும் சேர்ந்த செங்யூ ஒன்று பௌத்தத்தோடு அங்கே போயிருப்பது தெரிந்தபோது, லாவ்ஷியிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் போலிருந்தது.

ஆள்பவர் ஆசை காட்டினால் மட்டும் பெயர் மாறிவிடுகிறது. தாகத்தால் தளர்ந்த படையிடம், முன்னால் பிளம் தோப்பு இருக்கிறது, பழம் புளித்து இனிக்கும் என்றான் படைத்தலைவன் சாவ் சாவ். வீரர்களின் வாயில் எச்சில் ஊறியது, நடந்தார்கள். அது சாமர்த்தியம் என்று நாம் எழுதி மதிப்பெண் வாங்கினோம். அவன் பேரனான பேரரசன் சாவ் ருய்யின் வாயிலிருந்து வந்தது வரைந்த ரொட்டி. பேர் பெற்றவர்களைப் பதவிக்கு எடுக்காதே, பேர் என்பது தரையில் வரைந்த ரொட்டி, தின்ன முடியாது என்று தன் அமைச்சர் லூ யூவிடம் சொன்னான். பின்னர் அதுவே வெறும் கற்பனையால் பசியாற்றிக்கொள்பவர்களைக் குறிக்கும் தொடராயிற்று.

இன்று சீன அலுவலகங்களில் அந்த ரொட்டி கைமாறியிருக்கிறது. அடுத்த ஆண்டு பதவி உயர்வு, கம்பெனி பெரிதானால் பங்கு என்று முதலாளி அளந்தால், பெரிய ரொட்டி வரைகிறார் என்பார்கள் ஊழியர்கள். ஷென்ஜென்னில் வேலை பார்க்கும் நம் வகுப்புத் தோழன் ஒருவன், இந்த மாதமும் முதலாளி ஒன்று வரைந்தார் என்று நம் குழுவில் எழுதியிருந்தான். எள் தூவியிருந்தாரா என்று கேட்டாள் முன்வரிசைத் தோழி.