சப்போர்ட் வண்டி வராத ஆறு மணி நேரம்: மலைக்காட்டில் பல நாள் கிராவல் (சரளை, மண்பாதை) சைக்கிள் பயணத்துக்குத் தயாராவது

வழிகாட்டி முன்னால் போவார், சாமான்களை வண்டி சுமக்கும், மாலையில் கூடாரமும் சாப்பாடும் தயாராக இருக்கும். பணம் கட்டியவர்களில் பலர் இந்த நம்பிக்கையோடு தங்கள் தயாரிப்பை நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் எந்த இடத்தைப் பார்ப்பதற்காக இவ்வளவு தூரம் போகிறோமோ, பெரும்பாலும் அங்கேதான் வண்டி வராது. கணவாயைத் தாண்டும் குறுகிய மண்தடம், பாலமில்லாத ஓடை, கேட் போட்டு அடைத்த காட்டுப்பாதை, இங்கெல்லாம் வண்டி மலையைச் சுற்றிக்கொண்டு வேறு சாலையில் போய் மறுபக்கம் நிற்கும். நடுவில் ஐந்து, ஆறு மணி நேரம் உங்கள் சைக்கிளில் கட்டியிருப்பதுதான் உங்களிடம் இருப்பது. சைக்கிள், பை, உடம்பு மூன்றையும் அந்த ஆறு மணி நேரத்துக்கு ஏற்றபடி தயார் செய்யுங்கள். மற்றதை வண்டி பார்த்துக்கொள்ளும்.

ஆகவே முன்பணம் கட்டுமுன் பயணத்தை நடத்துபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்தெந்த நாளில், எத்தனை கி.மீ. தூரம் வண்டி எட்டாது? அங்கே ஒருவருக்கு எலும்பு முறிந்தால் எப்படி, எத்தனை மணி நேரத்தில் வெளியே கொண்டுவருவீர்கள்? இதற்குத் தயங்காமல் பதில் வர வேண்டும். முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசி ஆளுக்குப் பின்னால் இன்னொருவர் என்று குறைந்தது இருவர் வேண்டும். அவர்களில் ஒருவராவது தொலைதூர இடங்களுக்கான முதலுதவிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அந்தப் பயிற்சி 70, 80 மணி நேரம் நடப்பது. ஒருநாள் முதலுதவி வகுப்பு அதற்கு ஈடாகாது. செயற்கைக்கோள் தொடர்புக் கருவி யாரிடம் இருக்கும் என்பதையும் கேளுங்கள். சில நாடுகளில் அதை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்பதால், நீங்களாக ஒன்றை வாங்கி எடுத்துப்போகுமுன் அந்த நாட்டு விதியைப் பாருங்கள். உங்கள் காப்பீட்டில் மண்பாதை சைக்கிளும் ஹெலிகாப்டர் மீட்பும் சேர்கின்றனவா, உயர வரம்பு ஏதும் போட்டிருக்கிறார்களா என்பதையும் படித்துப் பார்த்துவிடுங்கள்.

பயணத் திட்டத்தில் தூரத்தைப் பார்த்து மலைக்காதீர்கள், ஏற்றத்தைப் பாருங்கள். 600 மீட்டர் ஏற்றமுள்ள 100 கி.மீ. நாளைவிட 1800 மீட்டர் ஏற்றமுள்ள 60 கி.மீ. நாள் கடினமானது. ஏற்றத்தை தூரத்தால் வகுத்தால் போதும், நாளின் குணம் தெரிந்துவிடும். கி.மீ.க்கு 20 மீட்டர் என்றால் நல்ல மலைநாள். 30 என்றால் காலையிலிருந்து மாலைவரை வேலை இருக்கிறது.

கியர் விஷயத்தில்தான் பலர் தவறான சைக்கிளோடு வந்து நிற்கிறார்கள். சரளை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேலிருக்கும் எடை குறைந்து, டயர் பிடிப்பில்லாமல் சுழலும். அதனால் உட்கார்ந்துதான் ஏற வேண்டும். உட்கார்ந்து ஏற, கியர் தாழ்வாக இருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். ஆள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 95 கிலோ. 10 சதவீதச் சரிவு, உதிரிச் சரளை. முன் பல்சக்கரத்தில் 40 பல், பின்னால் 51 பல் என்றால் பெடல் நிமிடத்துக்கு 60 சுற்றில் வேகம் மணிக்கு 6.2 கி.மீ.; அதற்குத் தேவை சுமார் 190 வாட். முன்னும் பின்னும் சம பல் இருந்தால் அதே 60 சுற்றுக்கு 245 வாட்டுக்கு அருகில் வேண்டும். ஒருநாள் சமாளிக்கலாம். நான்காம் நாள் முழங்கால் வலிக்கும், ஆறாம் நாள் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள். முன் 30, பின் 34 என்ற இரட்டைப் பல்சக்கர அமைப்பின் விகிதம் 0.88, அது பரவாயில்லை. 0.8-க்குக் கீழே போக முடிந்தால் இன்னும் நல்லது. பின்பக்கக் கேசட்டை (பல்சக்கரத் தொகுதியை) மாற்ற டிரெயிலியர் (செயினைப் பல் மாற்றும் கருவி) இடம் கொடுக்கவில்லை என்றால், ஒற்றை முன் பல்சக்கரத்தை 40-லிருந்து 36-க்குக் குறைப்பது எளிய வழி. சமதரையில் வேகம் குறையுமே என்ற கவலை வேண்டாம். இந்தப் பயணத்தில் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் மிதிக்கும் இடமே வராது.

டயரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டி இல்லாத நேரத்தில் நிற்க வைப்பது பெரும்பாலும் அதுதான். ஃபிரேம் இடம் கொடுத்தால் 45 முதல் 50 மி.மீ. அகலம், பக்கச்சுவர் தடித்த வகை, டியூப்லெஸ். ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இரு பக்கமும் 5 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். சேறு ஒட்டினால் சக்கரம் சுற்ற வேண்டுமே. 75 கிலோ எடையுள்ளவர் 45 மி.மீ. டயருக்கு முன்னால் 27, பின்னால் 30 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். கல்லில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். அளவுமானி உங்களுடையதாகவே இருக்கட்டும். ஒவ்வொரு பம்பும் ஒவ்வொரு எண் காட்டும்.

உயரம் ஏறினால் காற்றழுத்தம் மாறும் என்று சொல்லி வழியில் நிறுத்தி காற்றைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. 1500 மீட்டர் ஏறினால் வெளிக்காற்று மெலிவதால் டயரில் அளவு சுமார் 2.4 பிஎஸ்ஐ கூடும். அதே ஏற்றத்தில் வெப்பம் 25 டிகிரியிலிருந்து 10-க்கு இறங்கினால், 30 பிஎஸ்ஐ டயரில் சுமார் 2.2 குறையும். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே கணவாயின் மேலே டயர் தொய்ந்திருந்தால் உயரத்தின் மேல் பழி போடாமல் கசிவைத் தேடுங்கள்.

சீலன்ட் (டயருக்குள் ஊற்றும், ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) 45 மி.மீ. டயருக்கு 80 முதல் 100 மி.லி. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு டயரைத் திறந்து, காய்ந்த பழையதை உரித்தெடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். டயருக்குள் இருக்கும் சீலன்ட் சில மாதங்களில் வற்றிவிடும். வெளியிலிருந்து அது தெரியாது. வழியில் ஓட்டை விழுந்தால், ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் பொறுங்கள். அடைபடவில்லை என்றால் பிளக், அதாவது ஓட்டையில் செருகும் ரப்பர் துண்டு. ஆணியோ முள்ளோ குத்தி நின்றால், பிளக்கை ஊசியில் கோத்துத் தயாராக வைத்த பிறகே அதைப் பிடுங்க வேண்டும். காற்றடிக்கக் கைப்பம்பையே நம்புங்கள். கார்பன் டைஆக்சைடு குப்பி சிலவகை லேடெக்ஸ் சீலன்ட்டைக் கட்டிதட்ட வைத்துவிடும், குப்பி தீர்ந்தால் வேறு வழியும் இல்லை.

பக்கச்சுவர் கிழிந்தால் பிளக் நிற்காது. உள்ளிருந்து பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து, தடித்த நைலான் நூலால் தைத்து, டியூப் போட்டு ஓட்ட வேண்டும். இங்கே இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, டியூப்லெஸ் வால்வின் நட் இறுகிப்போய்க் கையால் கழலாது. சின்ன இடுக்கி ஒன்று பையில் இருக்க வேண்டும், வீட்டிலேயே ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட வேண்டும். இரண்டாவது, சீலன்ட் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த பழைய முட்கள் டயரின் உள்ளே நிற்கும். துணியைச் சுற்றி உட்புறம் முழுக்கத் தடவி ஒவ்வொன்றாக எடுக்காமல் டியூப் போட்டால், நூறு மீட்டர் தாண்டுவதற்குள் அதுவும் போய்விடும்.

பிரேக் பேட். 95 கிலோ எடை 1000 மீட்டர் இறங்கும்போது 930 கிலோஜூலுக்கு மேல் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும்; அதில் பெரும்பகுதி இரண்டு சின்னத் தகடுகளில் வெப்பமாகிறது. விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதைவிட, வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு முழுதாக விடுவதே பிரேக் சூடேறாமல் காக்கும். மழையும் மணலும் சேர்ந்தால் ரெசின் பேட் ஒரே நாளில் தேய்ந்து முடியலாம். உலோகப் பேட் அங்கே அதிகம் தாங்கும். ஆனால் சில டிஸ்க்குகளில் ரெசின் பேட் மட்டுமே போட வேண்டும் என்று பொறித்திருப்பார்கள், முதலில் அதைப் படியுங்கள். தேய்மானப் பொருள் 0.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். பேட் வடிவம் மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால் வழிகாட்டியின் பெட்டியில் உங்களுடையது இருக்கும் என்று எண்ணாதீர்கள். இரண்டு ஜோடி சொந்தமாக எடுத்துப்போங்கள். புதிதாகப் போட்டதும் இருபது முறையாவது ஓட்டி, வேகம் குறையும்வரை பிடித்துப் பழக்கினால்தான் பிடிமானம் வரும். இதை வீட்டில் செய்ய வேண்டும், கணவாய் இறக்கத்தில் செய்யக்கூடாது.

டிரெயிலியரை ஃபிரேமில் மாட்டும் சின்ன உலோகத் துண்டான ஹேங்கரும் இதே கதைதான். சைக்கிள் பாகங்கள் செய்யும் எஸ்ராம் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த பொது வடிவ ஹேங்கர் உங்கள் ஃபிரேமில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அந்த ஃபிரேமுக்கான ஒன்றை வாங்கி, சேணத்துக்கு (சீட்டுக்கு) அடியிலிருக்கும் பையில் போட்டுவிடுங்கள். 30 கிராம் பொருள், உடைந்தால் சைக்கிள் அங்கேயே நின்றுவிடும். செயின் நீட்சி 0.5 சதவீதத்தைத் தொட்டிருந்தால் கிளம்புமுன் மாற்றுங்கள். இணைப்புக் கண்ணி இரண்டு, உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்துவதாக. மின் கியர் வைத்திருப்பவர்கள் மாற்று பேட்டரியையும், லீவரில் நாணய பேட்டரி உள்ள வகையென்றால் அதில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷூவின் கிளீட் (பெடலில் மாட்டிக்கொள்ளும் தகடு) திருகுகள் அதிர்வில் கழன்றுவிடும். ஒன்று விழுந்தால் காலைப் பெடலிலிருந்து திருப்பி எடுக்க முடியாமல் அப்படியே சாய்ந்து விழ நேரும். கூடுதல் திருகு ஒன்றைப் பையில் ஒட்டிவையுங்கள்.

உடம்போடு இருக்க வேண்டியது: மூன்று லிட்டர் தண்ணீருக்கான இடம், காற்றும் மழையும் தடுக்கும் மேலங்கி, முழு விரல் கையுறை, வெப்பப் போர்வை, தலைவிளக்கு, மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வீதம் ஆறு மணி நேரத்துக்கும் மேலே ஒரு வேளைக்கும் தின்பண்டம். கோடைக்காலத்திலும் மேலங்கி வேண்டும். வியர்த்து நனைந்த உடம்போடு அரை மணி நேரம் இறங்கினாலே விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது. ஏற்றம் முடிந்த உடனே, குளிர் தெரிவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஓடைத் தண்ணீருக்கு 0.1 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவையும் ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்கு ஒட்டுண்ணியையும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. நுண்குழாய் வகை வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே வெடித்திருக்கும், பார்த்தால் தெரியாது. குளிர் இரவுகளில் அது தூங்கும் பைக்குள் உங்களோடு இருக்கட்டும்.

3000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஓரிரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாத திட்டமா, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் இருக்கிறதா என்று பாருங்கள். தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ சேர்ந்தால் மேலே போகக்கூடாது. தள்ளாட்டமோ குழப்பமோ, உட்கார்ந்திருந்தும் மூச்சுத்திணறலோ வந்தால் உடனே இறங்க வேண்டும், இரவானாலும். குழுவுக்குத் தொந்தரவு என்று மறைப்பது மிகவும் ஆபத்தானது. மதியத்தில் இடி கூடும் மலைகளில் கணவாயை நண்பகலுக்கு முன் தாண்டும்படி வழிகாட்டி அதிகாலையில் எழுப்புவார்; முணுமுணுக்காமல் எழுந்திருங்கள். பனி உருகி வரும் ஓடைகளிலும் காலையில்தான் நீர் குறைவு. கடக்கும்போது சைக்கிளை நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் பிடித்துத் தள்ளுங்கள். மேல்பக்கம் வைத்தால் நீர் அதை உங்கள் கால்மேல் தள்ளிவிடும்.

இறக்கத்தில் முன்னால் போகிறவரிடமிருந்து 30 மீட்டர் விட்டுச் செல்லுங்கள்; அவர் கிளப்பும் தூசியில் குழி தெரியாது. கைகள் வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியில், ஒரு விரல் பிரேக்கில், முழங்கை மடங்கியபடி. வண்டிச் சக்கரங்கள் அழுத்திய தடத்தில் கெட்டித் தரை இருக்கும். நடுமேட்டிலும் வளைவின் வெளியோரத்திலும் உதிரிச் சரளை குவிந்திருக்கும். தடம் மாற வேண்டுமானால் நேராக இருக்கும்போதே மாறுங்கள். பார்வைக்கு எட்டிய தூரத்துக்குள் நிற்க முடியாத வேகம் எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் அதிகமே. பாதை பிரியும் இடங்களில் எல்லாரும் சேரும்வரை நிற்பது வழக்கம். ஜிபிஎக்ஸ் தடம் (ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிய வழித்தடக் கோப்பு) கையிலிருக்கிறது என்று தனியாகத் திரும்பினால் பின்னால் வரும் வழிகாட்டி உங்களைத் தேடுவதில் ஒரு மணி நேரம் போகும்.

பயிற்சியில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஒரே நீண்ட ஓட்டத்தைவிட, அடுத்தடுத்த இரண்டு மூன்று நாள் தலா நான்கு மணி நேரம் ஓட்டிப் பழகுவதுதான் இதற்குப் பயன்படும். சேணம், ஷார்ட்ஸ், கைப்பிடி நாடா எல்லாம் அந்த ஓட்டங்களிலேயே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. நாடாவை இரட்டிப்பாகச் சுற்றுங்கள், பிடியை அடிக்கடி மாற்றுங்கள். பயணத்தில் வாடகைச் சைக்கிள் என்றாலும் பெடலும் சேணமும் உங்களுடையதையே கொண்டுபோங்கள்.

முகாமுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன் சைக்கிளுக்குப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், பேட் தடிமனைப் பாருங்கள், டயரைச் சுற்றி வெட்டு தேடுங்கள், ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பாருங்கள், ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கிள்ளித் தளர்ந்தது எது என்று பாருங்கள். ஷார்ட்ஸைத் துவைத்துப் போட்டுவிட்டு, ஏதாவது சந்தேகமாக இருந்தால் அன்றிரவே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். காலையில் சொன்னால், உதிரிப் பாகங்கள் இருக்கும் பெட்டி வண்டியின் அடியில் மூட்டைகளுக்குக் கீழே போயிருக்கும்; கொஞ்ச நேரத்தில் வண்டியும் மலையின் மறுபக்கத்துக்குக் கிளம்பிவிடும்.