ஓ'நீல் வம்சப் படம்: மேல்பாதி முடிந்தது, 'உவா'வில் நிற்கிறேன்

அயர்லாந்தின் ஓ'நீல் வம்சப் படத்துக்கு, அதாவது தலைமுறைப் பெயர்களைக் கட்டம் கட்டமாகப் பழைய ஐரிஷ் எழுத்தில் எழுதும் படத்துக்கு, மேல்பாதி முழுக்க மை ஏற்றியாயிற்று. பென்சில் கோட்டை அழித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன், கம்பீரமாக இருக்கிறது. பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வம்சத்தை எடுத்ததற்கே காரணம் அதன் மேல் ஐந்து தலைமுறைதான். நியல், அவர் மகன் ஐத், அவர் மகன் நியல், மறுபடி ஐத், மறுபடி நியல். 778-இல் இறந்தவரிலிருந்து 919-இல் போரில் விழுந்தவர் வரை இரண்டே பெயர்தான். 'நியல் மக் ஐதா', அதாவது ஐதின் மகன் நியல், என்றால் யாரைச் சொல்கிறோம்? பட்டப்பெயர் இல்லாமல் சொல்லவே முடியாது. முதல் நியல் ஃப்ரொசஹ், மழைக்காரர். அவர் காலத்தில் வெள்ளியும் தேனும் கோதுமையும் மழையாகக் கொட்டியதாகக் கதை. அவர் மகன் ஐத் ஒர்ட்னிதே. அடுத்தவர் நியல் கலே, 846-இல் கலன் ஆற்றில் மூழ்கி இறந்ததால் அந்தப் பெயர். அவர் மகன் ஐத் ஃபின்லியத், வெளிர்நரைத் தலையர். கடைசியாக நியல் க்ளூன்துவ், கருமுழங்கால்காரர்.

'மக்' போட்டதும் அப்பா பெயர் ஆறாம் வேற்றுமைக்கு மாறியாக வேண்டும் என்பது இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். நியல் 'நேல்' ஆகும், ஐத் 'ஐதா' ஆகும். மகளுக்கு 'இங்கென்'. ஸ்காட்லாந்து அரசர் கினைத் மகள் மைல் முரேதான் க்ளூன்துவின் தாய். அவள் 'இங்கென் கினைதா'. 'மைல்' என்றால் மொட்டைத் தலை, அதாவது முடி மழித்த அடியவர். மைல் முரே என்பது மரியன்னையின் அடியாள். ஆணுக்கும் இந்தப் பெயர் உண்டு என்பதால் 'இங்கென்' என்ற சொல் விட்டுப்போனால் படமே தப்பாகிவிடும்.

உயிரை வாங்கியது க்ளூன்துவின் மனைவி கட்டம். கோர்ம்லித் இங்கென் ஃப்லைன், ஃப்லன் ஷினா அரசரின் மகள், 948-இல் இறந்தவள். பெயர் இரண்டு சொல்லின் கூட்டு: 'கோர்ம்' என்றால் நீலம், புகழ் என்றும் பொருள், 'ஃப்லித்' என்றால் ஆட்சி. சேரும்போது இரண்டாம் சொல்லின் எஃப் மெலிந்து ஓசையே இல்லாமல் போகும், ஆனால் எழுத்து நிற்கும், தலையில் ஒரு புள்ளியோடு. நம் மெய்யெழுத்தில் புள்ளி அகரத்தை மட்டும் எடுக்கிறது. அங்கே அந்த எழுத்தின் ஓசையையே மொத்தமாக எடுத்துவிடுகிறது. பழைய ஏடுகளில் எஃப், எஸ் இரண்டுக்கும்தான் இந்தப் புள்ளி. மற்ற எழுத்துகளுக்குப் பரவியது பிற்பாடு. பத்தாம் நூற்றாண்டுப் பெயருக்குப் பதினாறாம் நூற்றாண்டுப் புள்ளியை வைத்து அழகுபார்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

சரி, அந்தப் புள்ளியை எங்கே வைப்பது? எஃப்-க்கு அடுத்து எல். அந்த எல்லின் உயரமான தண்டு உச்சியில் இடப்பக்கமாக ஒரு ஆப்புமுனை நீட்டிக்கொண்டிருக்கும். புள்ளி உட்கார வேண்டிய இடத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. முதலில் புள்ளி, பிறகு எல் என்று எழுதினால் ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் வந்த வழி இது: எல் எழுத்தை முதலில் எழுதி நன்றாகக் காயவிட வேண்டும், பட்டை நிப்பின் முழு அகலத்தில் இல்லாமல் இடது மூலையை மட்டும் தாளில் தொட்டு எடுக்க வேண்டும். அழுத்தவே கூடாது. சின்ன சாய்சதுரமாக, ஆப்புக்குக் கீழே, எஃப் வளைவுக்கு மேலே கச்சிதமாக விழுகிறது.

மையும் நானே காய்ச்சியதுதான். நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய கடுக்காய், அன்னபேதி, கொஞ்சம் வேலம்பிசின். எழுதும்போது வெளிறித் தெரியும், ஒரு இரவில் கருத்துவிடும். நிப் விஷயத்தில்தான் எரிச்சல். பட்டை நிப் கேட்டால் கூர்நிப் அனுப்பிவைத்து, மாற்றித் தரவும் மாட்டேன் என்கிறார் ஒரு கடைக்காரர்.

இப்போது நிற்கும் இடம் டோவ்னல் உவா நேல், 980-இல் இறந்தவர். அப்பா முயிர்ஹெர்தஹ், தாத்தா நியல் க்ளூன்துவ். 'உவா' என்றால் பேரன். இவர் நிஜமாகவே நியலின் பேரன், ஆக இவருக்கு அது உறவுமுறை. இவர் பேரன் ஃப்லித்வெர்தஹும் 'உவா நேல்' என்றே வழங்கப்படுகிறார். 1030-இல் ரோமுக்கு யாத்திரை போய் 1036-இல் இறந்தவர் அவர். அவருக்கு நியல் தாத்தா இல்லை, தாத்தாவின் தாத்தா. அங்கே 'உவா' குடும்பப்பெயராகிவிட்டது. 'உவா நேல்'தான் ஓ'நீல், அந்தக் குடும்பப்பெயர் பிறப்பது இந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில். இதைக் கவனிக்காமல், ஐந்தாம் நூற்றாண்டு நியலின் வழிவந்த 'ஊயி நேல்' குலத்தார் எல்லோரையும் ஓ'நீல் என்று எழுதித் தள்ளுகிறார்கள். அந்த நியல் வேறு, குடும்பப்பெயரில் இருக்கும் நியல் வேறு.

படத்தில் இதை எப்படிக் காட்டுவது? டோவ்னலின் 'உவா'வைக் கறுப்பிலும் ஃப்லித்வெர்தஹின் 'உவா'வைச் செந்தூரத்திலும் எழுத உத்தேசம். செந்தூரம் இந்தத் தாளில் லேசாகக் கசிகிறது, பிசின் கூட்டிப் பார்க்க வேண்டும்.

அதற்குள் மனசு மக்நமாரா என்ற இன்னொரு ஐரிஷ் குடும்பப்பெயர் பக்கம் ஓடிவிட்டது. 'கூ மரா', கடல் வேட்டைநாய் என்ற பெயர். வேற்றுமையில் 'கூ' 'கொன்' ஆகி 'மக் கொன் மரா'. அதற்கான தாளைக்கூட வெட்டி வைத்துவிட்டேன்.