லாரி இன்னும் வரவில்லை

மே 27
ஏற்றியாகிவிட்டது. 43 உருப்படி. 17-ஆம் பெட்டியை மட்டும் நானே ஒட்டினேன். பிரவுன் டேப்பின் மேல் குறுக்கே கையெழுத்தும் போட்டேன். டிரைவர் அண்ணன் பார்த்துச் சிரித்தார்.

மே 28, மதுரை
வரவில்லை. காலை ஆறு மணிக்கு வந்துவிடும் என்றார்கள். மதியம் கேட்டால் விழுப்புரம் தாண்டியாச்சாம். நேற்று ராத்திரியும் அதைத்தான் சொன்னார்கள். எட்டு மணியிலிருந்து டிரைவர் போன் சுவிட்ச் ஆஃப்.

வீட்டில் ஒரு பாய், ஒரு குடம், ஒரு சார்ஜர். அம்மா ஜன்னலோரம் முந்தானையை விரித்துத் தூங்கிவிட்டாள். போனில் எப்போதோ இறக்கி வைத்த பி.டி.எஃப். ஒன்று கிடந்தது. சி.ஐ.ஏ. தன் ஆட்களுக்காக நடத்தும் இதழில் 1967-இல் வந்தது, பிறகு ரகசியம் நீக்கி வெளியே விட்டார்கள். ஒரு லாரி ஓர் இரவு முழுக்க எங்கே இருந்தது என்பதுதான் விஷயம். இந்த நேரத்தில் படிக்கக் கூடாதது. படித்தேன்.

மே 29
விடிந்தும் வரவில்லை. ஆபீஸில் ஒரு பெண், "சார், வந்துக்கிட்டே இருக்கு சார்." எங்கே என்று கேட்டால் லைன் கட்.

கட்டுரையில் வருவது இதுதான். 1959 செப்டம்பரில் ரஷ்யர்களின் லூனா 2 கலம் நிலவில் போய் மோதியது. அடுத்த மாதமே லூனா 3 நிலவின் மறுபக்கத்தைப் படமெடுத்தது. அந்தப் பெருமையோடு ரஷ்யர்கள் ஊர் ஊராகக் கண்காட்சி நடத்தினார்கள், லூனிக்கின் (லூனா கலங்களுக்கு அப்போதைய செல்லப்பெயர்) ராக்கெட் மேல்நிலையையும் கொண்டுபோனார்கள். பொம்மையாகத்தான் இருக்கும் என்று அமெரிக்கர்களும் முதலில் நினைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால் நிஜம்! இன்ஜினையும் மின்சாதனங்களில் பெரும்பாலானவற்றையும் மட்டும் கழற்றியிருந்தார்கள். கட்டுரையில் ஊர் பேர் இல்லை. மெக்ஸிகோ என்று பிற்பாடு தெரிந்தது.

கண்காட்சி முடிந்து பெட்டிகள் லாரியில் ரயில்வே யார்டுக்குப் போகின்றன. யார்டில் ஒரு ரஷ்யர், வரும் பெட்டிகளைக் குறித்துக்கொள்ள. எது எப்போது கிளம்பியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, கேட்டுக்கொள்ளவும் வழியில்லை. லூனிக் ஏறிய லாரி அன்றைய கடைசி லாரியாகும்படி சி.ஐ.ஏ. ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். முன்னே ஒரு கார், பின்னே ஒரு கார். கடைசித் திருப்பத்தில் லாரியை நிறுத்தி, தார்ப்பாய் போர்த்தி, டிரைவரை மாற்றி, ஒரு பழைய சாமான் கிடங்குக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். லாரியின் பழைய டிரைவரை ராத்திரி முழுக்க ஒரு ஹோட்டல் அறையில் வைத்திருந்தார்கள்.

அவர் என்ன செய்திருப்பார்? தூங்கியிருப்பாரா?

மாலை
ரிங் போகிறது. எடுக்கவில்லை.

மே 29, இரவு
அம்மா சண்டை. "நானே கூட வந்திருப்பேன் லாரியில." அப்பா டைரியெல்லாம் அதில்தானே என்று நூறு தடவை. தெரியும்மா. நான்தானே ஒட்டினேன்.

எதிரியின் விண்கலத்துக்குள் நுழைவதென்றால் என்னென்னவோ கற்பனை எனக்கு. இவர்கள் நாலு பேர், கையில் ஒரு கடப்பாரை. பெட்டி இருபதடி நீளம், பதினாலடி உயரம். மேல்பலகையைப் பெயர்க்கும்போது பட்டென்று தெருவிளக்கு எரிந்ததும் செத்தோம் என்று உறைந்துவிட்டார்கள். தினமும் எரியும் விளக்குதான். அப்புறம் ஷூவைக் கழற்றி, வெறும் சாக்ஸோடு, கயிற்றேணியில் உள்ளே. பின்பக்க மூடியில் மட்டும் 130 போல்ட். ஒவ்வொன்றாக. ஓரிடத்தில் முத்திரை வைத்த பிளாஸ்டிக் சீல் தடுத்தது. அதை வெட்டி, ராத்திரியோடு ராத்திரியாக அச்சு அசல் இன்னொன்று செய்து மாட்டியிருக்கிறார்கள்.

எடுத்தது படங்களும், எந்தப் பாகத்தை எந்த ஆலை செய்தது என்று காட்டும் குறிகளும்தான். அதைவிட, திருப்பி மாட்டிய இடம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. மூக்குப் பகுதியில் ஒருவர் குறுகிக்கொண்டு உள்ளே இருந்த கலத்தின் உருண்டையைப் பிடிக்க, அடியில் இன்னொருவர் கண்ணுக்கே தெரியாத கம்பியின் மரையைத் தடவித் தடவித் திருகியிருக்கிறார். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நாலு மணிக்கு வேலை முடிந்தது. ஐந்துக்கு லாரி கிளம்பியது. ஏழு மணிக்கு ரஷ்யர் வந்தால், பெட்டி யார்டில் சமர்த்தாக நிற்கிறது.

முந்தின நாள் மாலை அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சாப்பிடத்தான் போனார். பாவம், அவரைத் தப்புச் சொல்ல முடியுமா? இன்னொரு லாரி வரும் என்று தெரிந்தால்தானே காத்திருக்க.

மே 30
ஒன்றுமில்லை.

மே 31
வந்துவிட்டது! காலை ஐந்தேகாலுக்கு. வேறு லாரி, வேறு டிரைவர், இருபது வயதுப் பையன். திருச்சியில் மாற்றி ஏற்றினார்களாம். எப்போது என்றேன். "எனக்குத் தெரியாதுண்ணே, ராத்திரிதான் என்கிட்ட குடுத்தாங்க." டீக்கு நூறு ரூபாய் கொடுத்தேன்.

43-ம் இருக்கிறது. கிரைண்டர் காலில் ஒன்று ஆடுகிறது. அம்மா முதலில் ஸ்டவ்வைத் தேடி எடுத்துப் பால் காய்ச்சினாள்.

ஜூன் 1
17-இல் என் கையெழுத்து இல்லை. டேப் பிரவுன்தான், அதே அகலம்.

ஜூன் 1, மதியம்
டைரிகளை எண்ணினேன். 1981-லிருந்து 2016 வரை, ஒன்றும் குறையவில்லை. வரிசைகூட மாறவில்லை. அப்பா வைத்தபடியே, 94 மட்டும் தலைகீழாக.

பழைய டிரைவரின் போன் இப்போது நாட் இன் யூஸ் என்கிறது.

ஜூன் 2
அம்மாவிடம் சொல்லவில்லை. ஒருவேளை நான் வேறு பெட்டியில் கையெழுத்துப் போட்டிருப்பேனோ? பிரிக்காதவை இன்னும் பதினொன்று இருக்கின்றன. சாயங்காலம் டார்ச் எடுத்துக்கொண்டு