33வது ஒழுங்கையில் செட்டிநாட்டுத் தூண்

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஆட்டோக்காரர் இறக்கிவிட்டது 33வது ஒழுங்கையில். நாம் சந்து என்பதை அங்கே ஒழுங்கை என்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்துப்போன சொல். வெள்ளைச் சுவர், ஒரு கார் ஷெட், அவ்வளவுதான். இலங்கை நாடாளுமன்றத்தைக் கட்டிய ஜெப்ரி பாவா குடியிருந்த வீடு இதுவா என்று சந்தேகமே வந்துவிட்டது. முன்பதிவு செய்தவர்களை மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள், அதனால் கூட்டமும் இல்லை.

ஷெட்டில் ஒரு பழைய ரோல்ஸ் ராய்ஸ் நிற்கிறது. உடன் வந்த ஒருவர் அதைவிட்டு நகரவே இல்லை, நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பாவா முதலில் வக்கீல். கட்டடக்கலைப் படிப்பை 1957இல் முடிக்கும்போது வயது 38. மறுவருஷம் இந்தச் சந்தில் வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளில் மூன்றாவதில் குடியேறினார். அப்புறம் பக்கத்து வீடு, அதற்கடுத்தது என்று பத்து வருஷத்தில் நான்கையும் சேர்த்து ஒரே வீடாக்கிவிட்டார். தெருவை ஒட்டியிருந்ததை மட்டும் இடித்துவிட்டு மேலே மேலே மாடி எழுப்பியிருக்கிறார். இப்படி ஒட்டுப்போட்ட வீடு என்பதால் எந்த அறை எங்கே முடிகிறது என்று பிடிபடவே இல்லை. நீளமான வெள்ளை நடை, திரும்பினால் கூரையே இல்லாத ஒரு மூலை, அதில் ஒரு செடி, இன்னும் நாலடி வைத்தால் இன்னொரு மூலை. நாங்கள் போன அன்று தூறல். வானம் தெரிகிற இடங்களிலெல்லாம் மழை நேராக வீட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வெறுங்காலில் ஈரத் தரை சில்லென்று இருந்தது. ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃப்ரெண்ட் வரைந்த கதவைப் பார்த்தோம், அழகுதான், ஆனால் எனக்கு அங்கே நிற்கத் தோன்றவில்லை.

ஏனென்றால் அதற்குள் தூண்களைப் பார்த்துவிட்டேன். செட்டிநாட்டிலிருந்து வந்தவை என்று வழிகாட்டிப் பெண் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. காரைக்குடியில் எங்கள் அப்பத்தா வீட்டைப் பிரித்து விற்றபோது தூண்கள் லாரியில் ஏறியதைப் பார்த்தவன் நான். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்றும் கதவும் நிலையும் தூணும் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். இங்கேயும் எரியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனுஷன் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததுபோல வைக்கவில்லை. எங்கள் வீடுகளின் நடு முற்றமான வளவில் நிற்கிற மாதிரியே பக்கத்தில் திறந்த வானம், கீழே தண்ணீர். கோபப்படவும் முடியவில்லை, சும்மா ரசித்துவிட்டு நகரவும் முடியவில்லை.

"தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

கூடாதென்று சொல்லிவிட்டு, "உங்கட ஊரா?" என்றார் அந்தப் பெண். ஆமாம் என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார், பிறகு மற்றவர்களை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார், என்னைக் கூப்பிடாமல்.