முகமலர்

அக்கா மகள் காட்பாடியில் பத்தாம் வகுப்பு. சிமிலிக்கும் மெட்டஃபருக்கும் வித்தியாசம் புரியவில்லை என்று நேற்று அழுதேவிட்டாள். "மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமை. முகமலர் என்றால் முகமே மலர், உருவகம்" என்றேன்.

"அப்போ வேலூர் அடுப்பு மாதிரி கொதிக்குதுன்னா சிமிலி, வேலூரே ஒரு அடுப்புன்னா மெட்டஃபரா சித்தி?"

அதேதான்!

அப்புறம் கட்டுரையில் சொல்வதற்கு ஆதாரம் காட்டுவது பற்றிப் பேசினோம். பாலாறு பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் 'ஆறு செத்துவிட்டது' என்று மட்டும் எழுதியிருந்தாள். அழகான உருவகம், ஆனால் ஆதாரம் ஆகாது. கிணற்று நீர்மட்ட அளவு புள்ளிவிவரம். நீரியல் அறிஞர் சொல்வது நிபுணர் கருத்து. ஆற்று மணலில் ஊற்று தோண்டிக் குடம் நிரப்பியதாக ஆயா (பாட்டி) சொல்வது அனுபவச் சான்று. முதலில் ஆயா, பிறகு எண்கள் என்றேன். நோட்டோடு ஆயாவிடம் ஓடினாள்.